சாம்பல் பட்டியலைக் கண்டு நாடுகள் ஏன் பயப்படுகின்றன?

2016 பிப்ரவரி முதல் வாரம். வங்கதேச மத்திய வங்கி அமெரிக்க மத்திய வங்கியமைப்பான ஃபெடரல் ரிசர்வின் நியூயார்க் கிளையில் வைத்திருந்த கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் போயின. மொத்தத் தொகை சுமார் 95 கோடி டாலர். அனுப்பியவர்கள் டாக்கா அதிகாரிகள் அல்லர், வங்கியின் கணினிக்குள் முன்பே புகுந்து காத்திருந்த திருடர்கள். 30 உத்தரவுகள் தடுக்கப்பட்டன. ஐந்து மட்டும் தப்பின. அவற்றில் ஒன்றின் மூலம் 2 கோடி டாலர் இலங்கைக்குக் கிளம்பியது. மீதி நான்கின் மூலம் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்சுக்குப் போனது.

இலங்கைக்கு வந்த பணம் ஒரு தொண்டு அமைப்பின் பெயருக்கு. 'ஃபவுண்டேஷன்' என்பதற்குப் பதிலாக 'ஃபண்டேஷன்' என்று அடித்திருந்தார்கள். இடையில் இருந்த டாய்ச்சே வங்கிக்கு அது உறுத்தியது. கொழும்பில் பணம் போய்ச் சேரவேண்டிய வங்கிக்கும், இப்படி ஒரு அமைப்புக்கு இவ்வளவு பெரிய தொகையா என்ற சந்தேகம். விசாரித்தார்கள், குட்டு வெளிப்பட்டது, பணம் திரும்பிப் போனது.

மணிலாவில் நடந்தது வேறு. மக்காட்டி பகுதியில் உள்ள ஒரு வங்கிக் கிளையில், போலி அடையாளங்களோடு 2015 மே மாதம் சில கணக்குகள் தொடங்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் 500 டாலர். ஒன்பது மாதம் அவற்றில் ஒரு வரவும் இல்லை, செலவும் இல்லை. திடீரென்று கோடிக்கணக்கில் டாலர் வந்து விழுந்தது. பிப்ரவரி 8 சீனப் புத்தாண்டு விடுமுறை என்பதால், 'பணத்தை நிறுத்துங்கள்' என்று டாக்கா அனுப்பிய செய்திகளை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் பார்ப்பதற்குள் பெரும்பகுதி கைமாறிவிட்டது. டாலர் பெசோவாகி, பெசோ சூதாட்ட விடுதிகளின் வில்லைகளாகி (சிப்), அதோடு தடயம் அறுந்தது. காரணம் எளிமையானது: பிலிப்பைன்சின் பணச் சலவைத் தடுப்புச் சட்டம் (குற்றத்தில் வந்த பணத்தை நேர்மையான பணமாகக் காட்டுவதைத் தடுப்பது) அப்போது சூதாட்ட விடுதிகளைக் கட்டுப்படுத்தவில்லை. வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவோ அரசுக்குச் சொல்லவோ அவற்றுக்குக் கடமை இல்லை. 2013-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதும் சூதாட்ட விடுதிகளை வெளியே விட்டுவிட்டார்கள். போன பணத்தில் ஒன்றரைக் கோடி டாலர்தான் டாக்காவுக்குத் திரும்பியது. 2017-இல் சட்டம் மாறியது. திருடியது வடகொரியாவுக்காக வேலை செய்யும் குழு என்று அமெரிக்கா 2018-இல் குற்றம்சாட்டியது.

ஒரு நாட்டுச் சட்டத்தில் இருந்த ஓட்டை, இன்னொரு நாட்டு மக்களின் அந்நியச் செலாவணியை விழுங்கிவிட்டது. பணச் சலவையைத் தடுக்க சர்வதேசக் கண்காணிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. ஆனால் அந்தக் கண்காணிப்பு எப்படி நடக்கிறது, யார் செய்கிறார்கள், அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பது அவ்வளவு நேரடியானது அல்ல.

கண்காணிப்பவர்களின் பெயர் நிதி நடவடிக்கைப் பணிக்குழு. சாம்பல் பட்டியலைப் போடுபவர்கள் இவர்கள்தான். செய்திகளில் எஃப்ஏடிஎஃப். 1989-இல் பாரிசில் கூடிய, ஏழு பணக்கார நாடுகளின் குழுவான ஜி7 தலைவர்கள் இதை உருவாக்கினார்கள். அப்போது கவலை போதைமருந்துப் பணம் பற்றி. அடுத்த ஆண்டே 40 பரிந்துரைகள் வந்தன. இது ஐ.நா. அமைப்பு அல்ல. இதற்கென்று ஒப்பந்தம் கிடையாது, நீதிமன்றம் கிடையாது, போலீஸ் கிடையாது. பாரிசில் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஈசிடியின் இடத்தில் ஒரு சிறிய செயலகம் இருக்கிறது, அவ்வளவுதான். இன்று 38 நாடுகளும் இரண்டு பிராந்திய அமைப்புகளும் உறுப்பினர்கள். ரஷ்யாவின் உறுப்புரிமை 2023 பிப்ரவரி முதல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. இந்தியா 2010-இல் சேர்ந்தது. இலங்கை நேரடி உறுப்பினர் இல்லை. ஆசிய பசிபிக் குழு என்ற பிராந்திய அமைப்பின் வழியாக இதே விதிகளுக்குக் கட்டுப்படுகிறது. இப்படிக் கட்டுப்பட்ட நாடுகளும் ஆட்புலங்களும் (தனிச் சட்டம் உள்ள பகுதிகளும்) 200-க்கும் மேல்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பயங்கரவாதத்துக்கான நிதியும் இந்தக் குழுவின் பொறுப்பில் வந்தது. அந்த அக்டோபரிலேயே அவசரமாகக் கூடி எட்டு சிறப்புப் பரிந்துரைகளைச் சேர்த்தார்கள். எனக்கு இந்த இணைப்பு எப்போதுமே கொஞ்சம் இடறும். பணச் சலவையில் பணம் ஏற்கெனவே அழுக்கு, அதை வெள்ளையாக்கப் பார்க்கிறார்கள். பயங்கரவாத நிதியில் பல நேரம் பணம் சுத்தமானது, சம்பளமாகவோ நன்கொடையாகவோ வந்தது. அது போகும் இடம்தான் அழுக்கு. தொகையும் பெரிதாக இருக்காது. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ஆன மொத்தச் செலவு நான்கு முதல் ஐந்து லட்சம் டாலர் என்று அமெரிக்க விசாரணை ஆணையம் கணக்கிட்டது. விமானம் கடத்தியவர்கள் சாதாரண வங்கிக் கணக்குகளைத்தான் பயன்படுத்தினார்கள். அன்று உலகம் முழுதும் ஓடிய கோடிக்கணக்கான பரிமாற்றங்களில் அவை எந்த வகையிலும் தனித்துத் தெரியவில்லை.

சரி, அதிகாரமே இல்லாத இந்தக் குழு என்னதான் செய்கிறது? ஒருவரை ஒருவர் திருத்துகிறார்கள். ஒரு நாட்டை மதிப்பிடப் பிற நாடுகளின் அதிகாரிகள் குழுவாக வருகிறார்கள். முதலில் ஏட்டுச் சட்டத்தை 40 பரிந்துரைகளோடு ஒப்பிடுகிறார்கள். அப்புறம் நேரில் வந்து சில வாரங்கள் மத்திய வங்கி, போலீஸ், வங்கிகள், நகைக்கடைச் சங்கம், வழக்கறிஞர்கள் என்று பலரிடமும் கேள்வி கேட்கிறார்கள். எத்தனை வழக்கு போட்டீர்கள், எத்தனை தண்டனை வாங்கினீர்கள், எவ்வளவு சொத்தைப் பறிமுதல் செய்தீர்கள்? சட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்க 11 அளவுகோல்கள் உண்டு. மதிப்பெண் மோசமானால் பொதுவாக ஓராண்டு அவகாசம். அதற்குள் தேறாவிட்டால் பெயர் சாம்பல் பட்டியலில் ஏறும். அதிகாரப்பூர்வப் பெயர் 'அதிகரித்த கண்காணிப்பின் கீழ் உள்ள ஆட்புலங்கள்'. கறுப்புப் பட்டியல் தனி, மிகவும் அபாயமானவை என்று கருதும் நாடுகளுக்கு. அதில் இப்போது வடகொரியா, ஈரான், மியான்மர். பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று முறை கூடி முடிவெடுக்கிறார்கள்.

சாம்பல் பட்டியலில் பெயர் வந்தால் அபராதம் இல்லை, தடை இல்லை. சாம்பல் பட்டியல் நாடுகளிடம் கூடுதல் கெடுபிடி காட்டும்படி எஃப்ஏடிஎஃப் கேட்பதும் இல்லை. அதன் அறிக்கையிலேயே அப்படித்தான் இருக்கும். கெடுபிடியைக் காட்டுவது வங்கிகள்.

கொழும்பில் ஒருவர் துருக்கியிலிருந்து பருப்பு இறக்குமதி செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலரில் பணம் கட்டவேண்டும். அவருடைய வங்கியால் தனியாக டாலரை அனுப்ப முடியாது. நியூயார்க்கிலோ லண்டனிலோ உள்ள ஒரு பெரிய வங்கியில் அதற்குக் கணக்கு இருக்கவேண்டும். அந்தப் பெரிய வங்கியில், விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் இணக்க அதிகாரிக்குப் பருப்பும் தெரியாது, இறக்குமதியாளரையும் தெரியாது. நாட்டின் பெயருக்கு நேரே சாம்பல் நிறம் மட்டும் தெரியும். 2012-இல் மெக்சிகோ போதைக் கும்பல்களின் பணத்தைக் கவனிக்காமல் விட்டதற்காக எச்எஸ்பிசி வங்கி 190 கோடி டாலர் கட்டிய கதை அவருக்கு மனப்பாடம். 2024-இல் டிடி வங்கி சுமார் 300 கோடி டாலர் கட்டியதும் தெரியும். அதனால் கூடுதல் ஆவணம் கேட்பார், நாள் கடத்துவார், கட்டணத்தை ஏற்றுவார். லாபம் பெரிதாக இல்லாவிட்டால் கணக்கையே மூடிவிடுவார். சாம்பல் பட்டியலில் சேரும் நாட்டுக்குள் வரும் மூலதனம், அதன் மொத்த உற்பத்தி மதிப்பில் சராசரியாக 7.6 விழுக்காடு அளவுக்குக் குறைகிறது என்று சர்வதேச நாணய நிதியத்தின் 2021 ஆய்வறிக்கை ஒன்று மதிப்பிட்டது. ஆக, எஃப்ஏடிஎஃப்பின் போலீஸ் உலகத்து வங்கிகள்தான். சம்பளமும் அவர்களே கொடுத்துக்கொள்கிறார்கள், செலவை வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்தப் பயம் வேலை செய்கிறதா? சட்டம் இயற்ற வைக்கும் விஷயத்தில் சந்தேகமே இல்லாமல் வேலை செய்கிறது. நவுருவைப் பாருங்கள். பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் தீவு, சுமார் பத்தாயிரம் பேர். பாஸ்பேட் தோண்டித் தீர்ந்தபின் வருமானத்துக்கு வழியில்லாமல் வங்கி உரிமங்களை விற்றது. 1990-களின் இறுதியில் சுமார் 400 வங்கிகள் ஒரே அரசு அஞ்சல் பெட்டி முகவரியில் பதிவாகியிருந்தன. கட்டடம் இல்லை, காசாளர் இல்லை. 1998-இல் மட்டும் ரஷ்யாவிலிருந்து 7,000 கோடி டாலர் நவுரு வங்கிகளின் வழியாகப் போனதாக ரஷ்ய மத்திய வங்கியின் துணைத்தலைவர் சொன்னார். 2000-இல் எஃப்ஏடிஎஃப் தன் முதல் பட்டியலை வெளியிட்டபோது அதில் இருந்த 15 பெயர்களில் நவுரு ஒன்று, ரஷ்யாவும் ஒன்று. அடுத்த ஆண்டு நவுரு மீது எதிர் நடவடிக்கை. கடைசியில் அந்த வங்கிகள் அத்தனையும் மூடப்பட்டன. 2005-இல் நவுரு விடுபட்டது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாகிஸ்தானின் கதை இன்னும் நுட்பமானது. 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை சாம்பல் பட்டியலில் இருந்தது. இரண்டு செயல்திட்டங்கள், மொத்தம் 34 வேலைகள். லாகூர் பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம் லஷ்கர்-இ-தொய்பாவை நிறுவிய ஹஃபிஸ் சயீதுக்குப் பயங்கரவாத நிதி வழக்குகளில் தண்டனை கொடுத்தது 2020 பிப்ரவரி 12 அன்று. எஃப்ஏடிஎஃப் கூட்டம் அதற்கடுத்த வாரம். மும்பைத் தாக்குதலோடு தொடர்புடைய சாஜித் மீர் இறந்துவிட்டதாக ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. 2022-இல் அவர் உயிரோடு இருந்ததோடு தண்டனையும் பெற்றார். அந்தச் செய்தி வெளியானது பாகிஸ்தானின் விடுதலை பற்றி எஃப்ஏடிஎஃப் பேசிய ஜூன் மாதத்தில். இதைப் பார்த்து, நாடகம் என்று இந்தியாவில் பலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் இருபது ஆண்டு ராஜதந்திர அழுத்தம் செய்யாததை ஒரு கூட்டத்தின் தேதி செய்திருக்கிறது. முடிவுகள் கருத்தொற்றுமையில் எடுக்கப்படுவதால் மூன்று உறுப்பினர்கள் எதிர்த்தாலே ஒரு நாட்டைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க முடியாது. சீனா, துருக்கி, மலேசியா பக்கம் இருக்கும்வரை பாகிஸ்தானுக்கு அந்தப் பயம் இல்லை என்று அப்போது பேசப்பட்டதன் காரணம் இதுதான். தொழில்நுட்பக் குழு என்றாலும் உள்ளே அரசியல் உண்டு.

இலங்கை 2017 இறுதியில் சாம்பல் பட்டியலில் சேர்ந்தது. 2018 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியமும் தன் அபாயப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இத்தனைக்கும் 2006-லேயே இலங்கையில் சட்டங்களும் நிதி உளவுப் பிரிவும் வந்துவிட்டன. பத்து லட்சம் ரூபாய்க்கு மேலான ரொக்கப் பரிமாற்றத்தை வங்கிகள் அந்தப் பிரிவுக்குச் சொல்லியாகவேண்டும். குறை கண்டது நம்பிக்கைப் பொறுப்பகங்கள் (டிரஸ்ட்), நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் விவரம், வடகொரியா, ஈரான் மீதான தடைகளைச் செயல்படுத்துவது போன்றவற்றில். 2019 அக்டோபரில் வேலைகளை முடித்து வெளியே வந்தது. அந்த ஆண்டின் ஏப்ரலில்தான் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாக்கியவர்களில் இருவர் கொழும்பின் வசதியான வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள். குடும்பப் பணத்தைக் கையில் வைத்திருப்பவரைப் பத்து லட்ச ரூபாய் வரம்பு எப்படிப் பிடிக்கும்? பட்டியலில் நுழைவதும் வெளியேறுவதும் ஒரு நாட்டின் நிர்வாக ஒழுங்கைச் சொல்லும். அந்த நாடு எவ்வளவு பத்திரமானது என்பதை அதில் தேடக்கூடாது.

இந்தியாவின் மதிப்பீடு 2024 ஜூனில் சிங்கப்பூர் கூட்டத்தில் ஏற்கப்பட்டது. 40 பரிந்துரைகளில் 37-இல் நல்ல மதிப்பெண். மீதி மூன்றில் பாதித் தேர்ச்சி. அந்த மூன்றும் சுவாரஸ்யமானவை: அரசியல் செல்வாக்கு உள்ளவர்களின் கணக்குகளைக் கவனிப்பது, நகைக்கடை, ரியல் எஸ்டேட் போன்ற தொழில்களை மேற்பார்வையிடுவது, தொண்டு அமைப்புகளை நடத்தும் விதம். பணச் சலவை வழக்குகளின் விசாரணை முடியாமல் தேங்கிக் கிடப்பதையும் அறிக்கை சொன்னது. அமலாக்கத்துறை சோதனை என்று தினமும் செய்தி படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. தீர்ப்புச் செய்தி எத்தனை படித்திருக்கிறோம்?

தொண்டு அமைப்புகள் விஷயம் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டியது. எட்டாவது பரிந்துரை பயங்கரவாதிகள் தொண்டு அமைப்புகளைப் பயன்படுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அபாயம் உள்ள அமைப்புகளை மட்டும் அளவோடு கவனியுங்கள் என்பதுதான் அதன் சாரம். பல அரசுகள் அதை மொத்தத் தொண்டு அமைப்புகளையும் நெருக்கக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டன. இந்தியாவும் அப்படித்தான் செய்கிறது என்று அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2023-இல் குற்றம்சாட்டியது. தன் இந்தியக் கிளையின் வங்கிக் கணக்குகள் 2020-இல் முடக்கப்பட்ட அனுபவமும் அதற்கு உண்டு. இந்த முறைகேட்டை எஃப்ஏடிஎஃப்பே ஒப்புக்கொண்டு, 2023 இறுதியில் அந்தப் பரிந்துரையைத் திருத்தி எழுதியது.

ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1373-ஆம் தீர்மானத்திலும் இதே சிக்கல். 2001 செப்டம்பர் 28 அன்று நிறைவேறிய அந்தத் தீர்மானத்தின்படி ஒவ்வொரு நாடும் தானே ஒரு பட்டியல் போட்டுச் சொத்துகளை முடக்கலாம். 2014-இல் இலங்கை அரசு அதன் பெயரில் புலம்பெயர் அமைப்புகள் உட்பட 16 தமிழ் அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் பட்டியலிட்டது. 2015-இல் ஆட்சி மாறியதும் எட்டு அமைப்புகள் நீக்கப்பட்டன. 2021-இல் மறுபடி ஆட்சி மாறியிருந்தது, ஏழு அமைப்புகள் சேர்க்கப்பட்டன. 2022-இல் பொருளாதாரம் சரிந்து புலம்பெயர்ந்தோரின் முதலீடு தேவைப்பட்டபோது ஆறு அமைப்புகள் நீக்கப்பட்டன. நிதி ஆதாரங்களை ஆராய்ந்து எடுத்த முடிவுகள் இவை என்று நம்புவது கடினம்.

சாமானியரைத் தொடும் இடம் பண அனுப்பல். 2001 நவம்பரில் அமெரிக்கா அல்-பரக்காத் என்ற சோமாலியப் பண அனுப்பல் நிறுவனத்தை, அல்-கய்தாவுக்குப் பணம் போகிறது என்று சொல்லி இழுத்து மூடியது. அந்நாட்டின் மிகப்பெரிய பண அனுப்பல் நிறுவனம் அது. வங்கியே இல்லாத நாட்டில் குடும்பங்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணத்தை நம்பித்தான் சாப்பிட்டன. பிறகு அமெரிக்க விசாரணை ஆணையத்தின் ஆய்வாளர்கள் தேடியபோது அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2013-இல் லண்டனில் பார்க்லேஸ் வங்கி இன்னொரு சோமாலிய நிறுவனத்தின் கணக்கை மூட முயன்றது. அபாயத்தைக் கையாள்வதைவிடக் கைகழுவுவது வங்கிக்கு மலிவு.

உண்டியல் முறையை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. டொரொன்டோவிலோ பாரிசிலோ ஒரு கடையில் காசைக் கொடுத்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் ஊரில் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். இதைத் தமிழ்நாட்டில் ஹவாலா என்றால் உடனே போலீஸ் முகம் நினைவுக்கு வரும். ஆனால் இதற்கு மக்கள் ஏன் போகிறார்கள் என்பதை இலங்கையின் சமீப வரலாறே காட்டியது. 2021 இறுதியில் டாலரின் அரசு விலையை 200 ரூபாய்ச் சுற்றில் கட்டிவைத்திருந்தார்கள். உண்டியல்காரர் 240-க்கு மேல் கொடுத்தார். வங்கி வழியாக வந்த வெளிநாட்டுப் பணம் 2020-இல் 710 கோடி டாலராக இருந்தது, 2022-இல் 379 கோடியாகச் சரிந்தது. விலையை அவிழ்த்துவிட்டதும் 2023-இல் 597 கோடிக்கு ஏறியது. நடுவில் எத்தனையோ எச்சரிக்கைகள், கைதுகள். எதுவும் செய்யாததை விலை செய்தது. எஃப்ஏடிஎஃப்பும் இந்த முறையைத் தடைசெய்யச் சொல்லவில்லை, பதிவுசெய்து உரிமம் கொடுத்துக் கவனிக்கத்தான் சொல்கிறது. தடைசெய்வது அரசுகளுக்குச் சுலபமாகப் படுகிறது.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகு எவ்வளவு அழுக்குப் பணம் பிடிபடுகிறது? 2009-இல் சலவைக்குப் போன பணம் 1.6 லட்சம் கோடி டாலர், உலக உற்பத்தியில் 2.7 விழுக்காடு, என்று ஐ.நா. போதைமருந்து மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் மதிப்பிட்டது. பறிமுதல் ஆனது அதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பெரிய தொகைகள் ஓடிய இடங்களும் பட்டியல் நாடுகள் அல்ல. டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை ஓடிய சந்தேகத்துக்குரிய பணம் சுமார் 20,000 கோடி யூரோ. அது டென்மார்க் வங்கி, ஐரோப்பிய ஒன்றிய நாடு.

ஏழை நாடுகளே பட்டியலை நிரப்புகின்றன என்ற குறை நெடுங்காலமாக உண்டு. அதற்குப் பதிலாக 2024 அக்டோபரில் விதியை மாற்றினார்கள். இனிப் பணக்கார நாடுகளையும் பெரிய நிதித்துறை உள்ளவற்றையும் முதலில் பார்ப்பார்கள். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு அவகாசம் இரண்டு ஆண்டு. நல்ல மாற்றம்தான், ஆனால் அதன் சோதனை வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்று பதிவுசெய்யும் ஏற்பாடு இல்லை என்று 2016 மதிப்பீடு அந்தப் பரிந்துரையில் அடிமட்ட மதிப்பெண் கொடுத்தது. அமெரிக்கா சட்டம் இயற்றியது, 2024-இல் மதிப்பெண் உயர்ந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க நிதித்துறை உள்நாட்டு நிறுவனங்கள் எதுவும் அந்த விவரத்தைத் தரவேண்டியதில்லை என்று விலக்கு அளித்துவிட்டது. அமெரிக்காவின் அடுத்த மதிப்பீடு வரப்போகிறது. ஜி7 நாடுகளில் ஒன்றின் பெயர்கூட இதுவரை சாம்பல் பட்டியலில் வந்ததில்லை.